ஊசி தீர்ந்தது பரம ரகசியம்

ஜெராமுக்கு வரவேண்டியதெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2007-லிருந்து குப்பை வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு தின்று கழித்ததை லாரி லாரியாக ஏற்றிவந்து நம் ஊர்க் குப்பைக் கிடங்கில் கொட்டுகிறார்கள். அதில் தட்டுப்பாடு என்று ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் சுட்ட மீன் சாப்பிடக் கோலாலம்பூர்க் கார்கள் வருகின்றன. தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வருகிறார்கள், அரிசி மூட்டையோடு. ஒரே ஒரு சரக்குதான் இந்தக் கடற்கரைச் சாலையில் வழி தவறிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் என்ன இல்லை என்ற தகவல்.

பொருள் தீர்ந்துபோவது எங்கும் நடக்கும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வடக்குக் கரோலினாவில் பேக்ஸ்டர் நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலைக்குள் வெள்ளத்தை விட்டது. அமெரிக்கா முழுக்க ஆஸ்பத்திரிகள் சலைன் பைகளை எண்ணி எண்ணிப் போட்டன. வைத்தியச் செலவில் மனிதனை ஓட்டாண்டியாக்கும் நாடு அது. அந்த நாடுகூட 2020 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டது. பொதுச் சுகாதார நெருக்கடியில், முக்கியமான மருத்துவக் கருவி எதற்காவது தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால், உற்பத்தியாளர் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்குச் சொல்லியாக வேண்டும். எஃப்.டி.ஏ. அதைப் பட்டியல் போட்டு ஊருக்குக் காட்டும். சொல்லாமல் மறைத்த கம்பெனிக்கு எழுதும் கடிதத்தையும் சேர்த்தே காட்டும். 2024-ல் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பாட்டிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதுவும் பட்டியலில் ஏறியது. ஐரோப்பாவில் 2025 ஜனவரியிலிருந்து, முக்கியமான கருவியின் சப்ளை நிற்கப்போகிறது என்றால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று விதி.

நமக்கும் சட்டம் இருக்கிறது, ஐயா. 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், எண் 737. கருவியைப் பதிவு செய்வது, அதனால் விபத்து நேர்ந்தால் தெரிவிப்பது, பழுதான சரக்கைத் திரும்பப் பெறுவது எல்லாவற்றுக்கும் பிரிவு உண்டு. அதற்கென்று சைபர்ஜெயாவில் ஓர் ஆணையமும் உண்டு. எந்த ஊசி நாட்டில் பதிவாகியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அந்த ஊசி கைக்குக் கிடைக்குமா என்று மட்டும் தேட முடியாது. ஜாதகம் தருவார்கள், மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூடாது.

ஒரு பொருள் தீரப்போவது யார் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். உற்பத்தியாளருக்குத் தெரியும். இறக்குமதிக்காரருக்குத் தெரியும். விநியோகக் கம்பெனி, அமைச்சின் கொள்முதல் பிரிவு, மாவட்டச் சுகாதார அலுவலகம், ஸ்டோர்க்காரர், மருந்தாளர், மிஸ்ஸி என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தெரிந்து சலித்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொள்பவர் புக்கிட் ரோத்தான் பக்கத்துப் பாட்டி. விடியுமுன் எழுந்து, ரத்தச் சோதனை என்பதால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மகன் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வருகிறார். "பாட்டி, அது முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் பார்க்கலாம்." இதுதான் அவருக்குக் கிடைக்கும் அரசாங்க அறிவிப்பு. எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள். பாட்டியை நான் கற்பனையில்தான் அழைத்து வந்தேன். ஆனால் அவர் உடம்பு கற்பனையில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடம் அது 31.4. மூன்று பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட. சோதனைப் பட்டையும் ஊசிமுனையும் டயாலிசிஸ் வடிகட்டியும் நம்மவர் வீட்டில் அரிசி பருப்போடு சேர்ந்த விஷயம்.

மிஸ்ஸியைத் திட்டாதீர்கள். அவர் வாயைக் கட்டியிருக்கிறார்கள். 1993-ஆம் ஆண்டு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 19-ஆம் விதியைப் படியுங்கள்: அரசு ஊழியர் மேலிடத்து எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் பொதுவில் அறிக்கை விடக் கூடாது. கையுறை தீர்ந்தது என்று சொல்லவும் கையெழுத்து வேண்டும்.

அதற்குமேல் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம். முத்திரை குத்திவிட்டால் நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஊசிக் கணக்கில் முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. குத்த வேண்டிய அவசியமே இல்லை. பயம் தானாக வேலை செய்கிறது. 2016 அக்டோபரில் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைத் தீயில் ஆறு நோயாளிகள் இறந்தார்கள். அந்தத் தீ பற்றிய விசாரணை அறிக்கையைப் பற்றி 2020-ல் கோட்புளூ என்ற சுகாதாரச் செய்தித்தளம் எழுதியது. ரகசியம் நீக்கப்பட்ட அறிக்கைதான் அது என்று முன்னாள் அமைச்சரே சொன்னார். போலீஸ் விசாரித்தது யாரைத் தெரியுமா? எழுதிய ஆசிரியரை. தீ தப்பித்துக்கொண்டது.

இனி மேருவுக்குப் போவோம். தூரமில்லை, காப்பார் தாண்டினால் வந்துவிடும். நம் பாட்டன் பாட்டிமார் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவினார்கள். மரமெல்லாம் செம்பனையாகிவிட்டது. ரப்பரின் பணம் மட்டும் மேருவிலும் கிள்ளானிலும் கையுறைத் தொழிற்சாலையாக நின்றது. 2020-ல் கோவிட் வந்து உலகமே கையுறைக்கு அலைந்தது. உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தியாளரான டாப் குளோவ், அந்த நிதியாண்டில் முந்தைய ஆண்டைவிட நான்கு மடங்குக்குமேல் லாபம் பார்த்தது. அதே ஆண்டு நம் நாட்டில் தொண்டர்கள் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தாளும் ஸ்பாஞ்சும் ஒட்டி டாக்டர்களுக்கு முகக்கவசம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டாப் குளோவ் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னவர் ஒரு நேப்பாளத் தொழிலாளி. இடைவெளியே இல்லாமல் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதை 2020 மே மாதம் படம் பிடித்து, தன் நாட்டு உரிமைப் போராளி ஒருவருக்கு அனுப்பினார். செப்டம்பரில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நவம்பரில் தொற்று வெடித்து, கிள்ளானில் 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூட அரசே உத்தரவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. டிசம்பரில் ஒரு நேப்பாளத் தொழிலாளி இறந்தார். உலகத்துக் கையுறைச் சப்ளை ஆட்டம் கண்டது அந்தப் படத்தினாலா, அந்தப் படத்தைப் பார்த்தும் பார்க்காததினாலா? படம் எடுத்தவரின் கதையை ராய்ட்டர்ஸ் சொல்லித்தான் பக்கத்து ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொண்டோம்.

அடுத்தது சுவாசக் கருவி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உட்கார்ந்துகொண்டு. தொற்றுக் காலத்தில் சுகாதார அமைச்சு ஃபார்மனியாகா லாஜிஸ்டிக்ஸ் வழியாகச் சுவாசக் கருவிகள் வாங்கியது. வந்து சேர்ந்தவை 136. பயன்படுத்த முடிந்தவை 28. மீதி 108 கருவிகளும் பயன்படவில்லை. அவற்றின் விலை 1 கோடியே 30 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளி. இது தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்ன கணக்கு. உலகமே கருவிக்கு அடித்துக்கொண்ட நேரம், அவசரத்தில் வாங்கினோம் என்றார்கள். நம்புகிறேன். அவசரத்தில் மனிதன் ஏமாறுவான், அரசாங்கமும் ஏமாறும். என் கேள்வி வாங்கியதைப் பற்றியதில்லை. நாட்டு மக்களுக்கு இது எப்போது தெரிந்தது? 2023 பிப்ரவரியில்.

நடுவில் 2021 ஜூலை வந்து போனது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளிகள் நடைபாதையில், நாற்காலியில், கான்வாஸ் கட்டிலில் கிடந்து மூச்சு வாங்கினார்கள். ஜெராமில் மூச்சுத் திணறினால் வடக்கே தஞ்சோங் காராங், தெற்கே கிள்ளான். கிள்ளானில் இடமில்லை என்பதை ஊர் எப்படித் தெரிந்துகொண்டது? யாரோ கைப்பேசியில் எடுத்த படத்தால். அந்த ஜூலையில் வேலை செய்யும் கருவி எத்தனை, செய்யாதது எத்தனை என்று தினசரி எண்ணிக்கையில் ஒரு வரி சேர்த்திருந்தால் குடியா முழுகியிருக்கும்? தொற்று எத்தனை, சாவு எத்தனை என்று தினமும் மாலையில் சொன்னார்களே. பிணத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கருவியை எண்ணத் தெரியாதா?

தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு படித்த தம்பி சொன்னார். இருக்கிறது. மலேசியாவிலேயே முதன்முதலாக, 2011-ல், நம் சிலாங்கூர் மாநிலம்தான் அதை நிறைவேற்றியது. மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அது மாநில அரசுத் துறைகளுக்கு மட்டும். ஆஸ்பத்திரி கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஜெராம்வாசி தன் வீட்டு முன்னால் ஓடும் சாக்கடையைப் பற்றி விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். தன் ரத்தக் குழாயில் ஓடுவதைப் பற்றிக் கேட்க முடியாது. இந்தியாவில் 2005-லிருந்து பத்து ரூபாய் கட்டி மத்திய அரசையே கேள்வி கேட்கிறார்கள். நம் கூட்டரசு 2023-ல் இப்படியொரு சட்டத்துக்குக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. கொள்கையளவில் எனக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

வெளியே சொன்னால் மக்கள் பீதியடைந்து வாங்கிப் பதுக்குவார்கள் என்பது அரசாங்கத்தின் கையில் உள்ள ஒரே பிரம்மாஸ்திரம். 2020-ல் முகக்கவரி காணாமல் போனபோது யார் பட்டியல் போட்டார்கள்? ஒருவரும் போடவில்லை. ஆனாலும் பதுக்கினார்கள். கடைசியில் அரசே விலைக்கு உச்சவரம்பு வைத்து, ஆகஸ்டில் ஒரு வெள்ளி, நவம்பரில் 70 காசு என்று இறக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் வாயை மூடினால் வாட்ஸ்ஆப் வாயைத் திறக்கும், அவ்வளவுதான். அதோடு, டயாலிசிஸ் வடிகட்டியை வாங்கிக் கட்டிலுக்கடியில் பதுக்குகிற தோட்டத்துப் பாட்டி யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்து டிரெஸரை நினைத்துப் பார்க்கிறேன். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மிக்சரை ஊற்றிய ஆசாமி. அவர் அலமாரி திறந்தே கிடக்கும். பாட்டில் காலியென்றால் வரிசையில் நிற்பவனுக்குத் தெரியும். "மருந்து இல்ல, போ" என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். அந்த மரியாதைகூட இல்லாமல் போய்விட்டது. ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கிறோமே, அதற்குமேல் தகவல் வேறு வேண்டுமா என்று நினைக்கிறார்களோ என்னவோ. அந்த ஒரு வெள்ளி போக மீதியும் நாம் கட்டிய வரிதான்.

எல்லா அரசுக் கிளினிக் சுவரிலும் வாடிக்கையாளர் சாசனம் மாட்டியிருக்கிறார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு. பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டட்டும். எது இல்லை, எப்போதிலிருந்து இல்லை, எப்போது வரும், அதுவரை எந்த ஊருக்குப் போகலாம். நாலு வரி. கம்ப்யூட்டர் வேண்டாம், செயலி வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். சாக்பீஸுக்கு டெண்டர் விடாமல் இருந்தால் அடுத்த திங்கட்கிழமையே எழுத ஆரம்பிக்கலாம்.