ரசமும் முள்கரண்டியும்: மிச்சவேலைக் கோட்பாடு பற்றிய ஓர் ஆய்வு

உலக மக்கள் மூவகைப்படுவர்: குத்தித் தின்பவர், கவ்வித் தின்பவர், பிசைந்து உண்பவர். முதல் இரு வகையினரைத் ‘தின்பவர்’ என்றும் மூன்றாம் வகையினரை ‘உண்பவர்’ என்றும் குறித்ததில் ஆய்வாளருக்குச் சார்பு ஏதுமில்லை.

முள்கரண்டி, குச்சி, கை ஆகிய மூன்றும் உலகத்தை ஏன் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டன? நாகரிகமே காரணம் என்பர் ஒரு சாரார். அஃது அன்று. என்னை? எனின், முள்கரண்டி ஐரோப்பாவுக்கே நேற்று வந்த மருமகள். 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்திலிருந்து வெனிஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன இளவரசி ஒருத்தி பொன் முள்கரண்டியால் சாப்பிட்டாள். கடவுள் கொடுத்த விரல் இருக்க இது என்ன ஆடம்பரம் என்ற ரீதியில் பீட்டர் டாமியன் என்ற துறவி அவளைச் சாடி எழுதிவைத்தார். இன்று கையால் சாப்பிடுபவரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர்களின் முன்னோர், அன்று கரண்டியைப் பார்த்துச் சுளித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் கதை இன்னும் ருசியானது. தாமஸ் கோரியட் என்ற ஊர்சுற்றி 1608இல் இத்தாலி போய் முள்கரண்டியைக் கண்டார். 1611இல் வெளியிட்ட பயணநூலில் அதைப் புகழ்ந்தார். ஊருக்குத் திரும்பியும் அதைக்கொண்டே சாப்பிட்டார். நண்பர்கள் அவருக்கு ‘ஃபர்சிஃபெர்’ என்று லத்தீனில் பட்டம் சூட்டினர். அதற்குக் கவை தாங்கி என்றும் பொருள். தூக்குக்குரிய போக்கிரி என்றும் பொருள். அதே கோரியட் பிறகு பெரும்பகுதி கால்நடையாகவே இந்தியா வந்து, 1617இல் சூரத்தில் காலமானார். முள்கரண்டிக்கு விளம்பரம் செய்த மனிதர், கையால் உண்ணும் நாட்டில் வந்து உயிரை விட்டிருக்கிறார். காரணம் வயிற்றுப்போக்கு என்பதால் இந்தச் செய்தியை ஆய்வாளர் மேற்கொண்டு கிளற விரும்பவில்லை. சுகாதாரமே காரணம் என்னும் கட்சியினரும் இத்துடன் அமைதி காக்க வேண்டும்.

ஆக, நாகரிகமும் அன்று, சுகாதாரமும் அன்று. பின் எது? சமையற்கட்டில் எந்த வேலை முடியாமல் பந்திக்கு வந்து சேர்கிறதோ, அந்த வேலைக்கு ஏற்ற கருவி உண்பவர் கையில் ஏறுகிறது. இதற்கு மிச்சவேலைக் கோட்பாடு என்று ஆய்வாளர் பெயரிட்டுள்ளார்.

ஐரோப்பாவில் மிச்சம் வெட்டும் வேலை. இறைச்சி முழுத் துண்டாக மேசைக்கு வந்துவிடும். அறுக்கக் கத்தி, அறுக்கும்போது நழுவாமல் பிடிக்க முள். கூர்மையான கத்திகளோடு பசித்தவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்ட பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி, 1669இல் சாப்பாட்டுக் கத்திகளின் முனையை மழுக்க ஆணையிட்டார். சீனச் சமையற்காரர் அப்படியில்லை. அறுப்பதையும் அரிவதையும் உள்ளேயே முடித்துவிடுவார். எடுப்பது ஒன்றே பாக்கி. அதற்கு இரண்டு குச்சி தாராளம். ஆன்யாங் அகழாய்வில் கிடைத்த மூவாயிரம் ஆண்டுப் பழமையான வெண்கலக் குச்சிகளே அடுப்படிக் கருவிகள்தாம் என்று கருதப்படுகிறது. ஜப்பானில் மீனின் முள்ளைப் பிரிப்பது பாக்கி; எனவே குச்சியின் நுனி கூர்த்தது. தாய்லாந்தில் சோறும் குழம்பும் தட்டில்தான் சந்திக்கின்றன. அவற்றைச் சேர்த்துத் தள்ள இடக்கையில் முள்கரண்டி, வாய்க்குக் கொண்டுபோக வலக்கையில் கரண்டி. லாவோஸ்காரர் பசையரிசிச் சோற்றைக் கையால் உருட்டுகிறார், அவருக்கு மிச்சம் உருட்டும் வேலை.

தமிழர் நிலைமை விசித்திரமானது. அரிவாள்மனை எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கிவிடுகிறது, வெட்ட ஒன்றுமில்லை. ஆனால் சேர்க்கும் வேலையை நம் சமையற்கட்டு தொடுவதே இல்லை. சோறு தனி, பருப்பு தனி, நெய் தனி, சாம்பார், ரசம், மோர் எல்லாம் தனித்தனி. உப்பைக்கூட இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, “நீயே பார்த்துக்கொள்” என்று போய்விடுகிறார்கள். இலையில் உட்கார்பவர் ஒவ்வொருவரும் கடைசிச் சமையற்காரரே. எவ்வளவு பிசைவது, பருக்கை எவ்வளவு குழைய வேண்டும், சூடு ஆறிற்றா என்பவற்றையெல்லாம் விரல்நுனியே சொல்ல வேண்டும். “ஒரு வாய் கை நனைச்சிட்டுப் போங்க” என்று விருந்தாளியை மறிக்கிறோமே தவிர, ஸ்பூன் நனைக்கச் சொல்வாரில்லை.

கோட்பாட்டைச் சோதிக்கத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தின் இரண்டாம் பந்தியில் களப்பணி நடைபெற்றது. சட்டைப்பையில் கொண்டுபோன ஸ்பூன் ஒன்று, முள்கரண்டி ஒன்று. சாம்பார் சாதம் வரை, ஸ்பூனின் முதுகால் நசுக்கி எப்படியோ ஒப்பேற்றியாயிற்று. பிறகு ரச வாளி வந்தது. ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக் கரை கட்ட வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஸ்பூனால் கட்டிய கரை, முதல் கரண்டி ரசத்திலேயே உடைந்தது. வெள்ளத்தை மறிக்க முள்கரண்டியை ஊன்றினேன். வாழையிலை நரம்போடு சேர்ந்து கிழியும். நரம்போ நடுத்தண்டிலிருந்து நேரே உண்பவரின் மடியை நோக்கி ஓடுகிறது. ரசமும் அவ்வழியே ஓடியது. புது வேட்டி.

பக்கத்து இலைப் பெரியவர் தம் கரைக்குள் நின்ற ரசத்தை ஐந்து விரலாலும் வழித்து, ஒரு சொட்டும் மணிக்கட்டைத் தாண்டாமல் உறிஞ்சி முடித்தார். பின் என் கருவிகளைப் பரிவோடு பார்த்து, “ஏன் தம்பி, கையில அடியா?” என்றார்.

கோட்பாட்டுக்கு அடங்காத ஒரு பொருள் உண்டு; அது இலையில் ஊற்றப்படும் பாயசம். அதைச் சேர்க்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். இருந்தும் கையால் வழிக்கிறோம். அப்பளத்தை நொறுக்கிப் போட்டு அதிலும் ஒரு பிசையும் வேலையை உண்டாக்கிக்கொள்வோர் இக்கோட்பாட்டின் நண்பர்கள். மற்றவர்களைப் பற்றி அடுத்த கல்யாணத்தில் ஆராயப்படும்.

ரச வாளி ஏந்தி வரும் அன்பர்களுக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: இலைக்காரர் கரை கட்டி முடிக்கும்வரை ஐந்து நொடி பொறுங்கள். அப்புறம் ஊற்றுங்கள்.