பிளாட்டினம் தொப்புள்கொடி

“தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க பிளாட்டினம் திட்டமே எடுத்துட்டேன், அத்தை. வெள்ளி, தங்கமெல்லாம் நம்ம குழந்தைக்கு எதுக்கு?” என்றார் மாப்பிள்ளை. எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை. எதையும் இஎம்ஐயில் வாங்கிப் பழகிய கை.

அல்சூர் வீட்டுக் கூடத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்த சரோஜா, ரத்த வங்கி டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர்.

“பையில எத்தனை செல் தேறும், மாப்பிள்ளை?”

“பிளாட்டினம், அத்தை! திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி!”

“உறைய வெச்சா சொத்தை நல்லதாயிடுமா? உட்கரு உள்ள செல் எத்தனை, அதுல உயிரோட எத்தனை, சிடி34 ஸ்டெம் செல் எத்தனை, தட்டுல வளர்த்தா முளைக்குதா, கிருமி இருக்கா? இதைப் பார்த்துத்தான் தரம் சொல்வாங்க. அமெரிக்காவுல உரிமம் வேணும்னா ஒரு பையில 50 கோடி செல்லாவது வேணும், 85 சதவீதம் உயிரோட. உடம்புல ஏத்த கிலோவுக்கு இரண்டரைக் கோடி. அந்த 50 கோடி 20 கிலோ பிள்ளைக்குத்தான் காணும். உங்க எடை?”

“எழுபத்தெட்டு.”

“195 கோடி.”

மாப்பிள்ளை தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டார். “நாளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தா? இது காப்பீடு, அத்தை. அதுவும் பிளாட்டினம்!”

“அந்த நோயோட விதை சில பிள்ளைங்களுக்குப் பிறக்கும்போதே ரத்தத்துல இருக்கும். தலசீமியான்னா அதே மரபணுக் கோளாறு பைக்குள்ளயும் இருக்கும். 1988ல பாரிஸ்ல டாக்டர் எலியான் குளுக்மன் முதன்முதலா ஒரு பையனுக்கு ஏத்தினது அவன் ரத்தமா? புதுசாப் பிறந்த தங்கச்சியோடது! தனக்கே உதவும்னு சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லைன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017லயே எழுதிடுச்சு. சொந்த ரத்தம் தேவைப்பட வாய்ப்பு அதிகபட்சம் 0.04 சதவீதம்னு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் 2018ல கணக்குச் சொன்னாங்க.”

“பூஜ்யம் இல்லையே, அத்தை!”

சரோஜா முறத்தைத் தள்ளிவைத்தார். குரல் மாறியது.

“வீட்டுல ஏற்கெனவே நோயாளிப் பிள்ளை இருந்தா எடுத்து வைங்க, நானே கையெழுத்துப் போடறேன். பொது வங்கிக்குத் தானம் கொடுத்தாலும் சரி, யாரோ பிழைப்பாங்க. ஆனா பை நிறையணும்னு கொடியை அவசரமா நறுக்குறாங்களே, அதைச் சொல்லுங்க! ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நிமிஷத்துல இறங்கற ரத்தம் குழந்தைக்கு இரும்புச்சத்து. பேசத் தெரியாத பச்சைக் குழந்தைகிட்டேருந்து பிடுங்கி, பயந்துபோன அப்பன்கிட்டயே மாசத் தவணைக்கு விக்கிறானுங்க. இதுக்குப் பேரு சேமிப்பா?”

மாப்பிள்ளை சற்றே ஆடிப்போனார். விற்பனைப் பிரதிநிதியை அழைத்து, அத்தை காதில் விழும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்க பையில சிடி34 எத்தனை இருக்கும்?”

“சார், அந்த பிளான் நிறுத்தியாச்சு. இந்த வாரம் டைட்டானியம் வந்திருக்கு, போடவா?”