மூடி இருக்குன்னு குதிக்காதடே மருமவனே

வாசலுக்கு நேரா மேன்ஹோல் மூடி போட்டுட்டாங்கன்னு நேத்து ராத்திரியே செப்டிக் டேங்குக்குப் பெரிய கும்பிடு போட்டுட்டியாமே, உங்கம்மா சொன்னா. என் தங்கச்சி மவன் இம்புட்டு வெரசா முடிவெடுத்து நான் பாத்ததே இல்ல. பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட ரெண்டாவது பஜ்ஜியத் தின்னுட்டுத்தான் தலையாட்டுன.

மொதல்ல அந்த மூடி பாதாளச் சாக்கடை மூடியா, மழைநீர் வடிகால் மூடியான்னு பாத்தியா? வடிகால்ல உன் கக்கூஸ் குழாயச் சொருவுனா அது வாய்க்காலுக்கும் ஆத்துக்கும்தான் போவும். அப்புறம் ஆடி அமாவாசைக்குத் தாமிரவருணியில பக்தியா மூணு முங்கு போடுவ. நல்லாருக்கும்.

சரி, பாதாளச் சாக்கடைன்னே வச்சுக்கிடுவோம். குழாயப் பொதைச்சாச்சுங்கதும் குழாய் ஓடுதுங்கதும் ஒண்ணாடே? தெருக் குழாய் மெயின் லைன்ல சேரணும், பம்பிங் ஸ்டேஷன்ல மோட்டார் ஓடணும், சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் வழி தெறந்திருக்கணும். திருநெல்வேலிக்கு அது ராமையன்பட்டி. நடுவுல எங்கயாவது நாலு குழாய் எணைக்காமக் கெடந்தா, நீ விடுத தண்ணி தெருவிலதான் வந்து நிக்கும். அதனால மாநகராட்சி ஆபீசுல போயி “இணைப்பு கெடைக்குமா”ன்னு கேக்காத. “கெடைக்கும், பாப்போம்”பாங்க. “எங்க தெரு லைன ஓடவிட்டாச்சா, எந்தப் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போவுது”ன்னு உதவிப் பொறியாளர்கிட்ட கேளு. அப்பத்தான் நிமிந்து பாப்பாரு.

அடுத்தது நீ பெருமை பேசுத பின்கட்டுப் பாத்ரூம். வாஸ்துக்காரன் பேச்சக் கேட்டு வாசல்ல இருந்து 60 அடி தள்ளி மூலையில கொண்டு வச்சிருக்க. 4 இஞ்சு குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி வாட்டம் குடுக்கணும். 60 அடிக்கு ஒண்ணரை அடி. பாத்ரூம்ல ஒரு அடி ஆழத்துல கெளம்புத குழாய் தெருவுக்கு வரும்போது பாத்ரூம் மட்டத்துக்கு ரெண்டரை அடி கீழ நிக்கும். தெருக் குழாய் அதுக்கும் கீழ கெடந்தா உனக்கு யோகம். மேல கெடந்தா ஒண்ணும் ஓடாது. தண்ணி வாஸ்து பாக்காது பாத்துக்க.

இன்னொரு வில்லங்கம் இருக்கு. உங்க தாத்தா காலத்துல இந்த வீட்டுக்கு மூணு படி ஏறி வருவோம். இப்ப ரெண்டு படி எறங்கி வாரோம். பழைய தாரு மேலயே புதுத் தாரு போட்டுப் போட்டு ஒசத்திட்டாங்க. 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய தாரச் சொரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டாரு. அதுக்குள்ள உன் வீடு பள்ளத்துக்குப் போயாச்சு. மெயின் லைன் அடைச்சுக்கிட்டா கழிவு பின்னால ஏறி வரும். எந்த வாய் தாழ்வா இருக்கோ அதுல வெளிய வரும். மூடி ஒசரத்துல, உன் பாத்ரூம் பள்ளத்துலன்னா, தெரு முழுக்கத் தின்னது உன் வீட்டுல வந்து எட்டிப் பாக்கும்.

திருப்பி வராமத் தடுக்க வால்வு இருக்கு, போடலாம். ஆனா அது அடைச்சு நிக்கும்போது உன் தண்ணியும் வெளிய போவாது, குளிக்காமத்தான் இருக்கணும். அது உனக்கொண்ணும் புதுசு இல்ல. இல்லன்னா தளத்த ஒசத்தணும், அதுவும் ஆவாதுன்னா தொட்டி கட்டி மோட்டார் வச்சு ஏத்தணும். கரண்டு பில்லுக்கு என்கிட்ட வராத.

சொத்து வரி ரசீது இன்னும் தாத்தா பேருலதான இருக்கு? விண்ணப்பத்துல கையெழுத்துப் போட அவரு வரமாட்டாரு. பேர மாத்து. குழாய் பெரியப்பா மவன் சந்து வழியாப் போவணும்னா எழுதி வாங்கு; பொங்கச் சீருக்குப் பெறவு அவன் உன்னோட பேசுவானான்னு யாருக்குத் தெரியும்? மொட்டமாடித் தண்ணிய இந்தச் சாக்கடைக் குழாயில சேத்துவிடவும் பாக்காத. ஒரு ஐப்பசி மழைக்கே லைன் ரொம்பிப் பொங்கிரும். 2003-லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு, குழி தோண்டி பூமிக்குள்ள விடு.

இணைப்பு வந்தா பழைய டேங்க நடுவுல விடாம நேராக் குழாய் போடணும். அந்த டேங்க லாரி வச்சு உறிஞ்சத்தான் செய்யணும். ஆளு எறங்கக் கூடாது. 2013-லயே சட்டம் தடுத்தாச்சு. சாக்கடையில எறங்கிச் செத்தா 30 லட்சம் குடுக்கணும்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. அதுக்கும் மேல உள்ள போனவனுக்குப் புள்ளகுட்டி இருக்கும்டே. இதுல நான் கேலி பேசல.

நாளைக்குக் காலையில கொத்தனார்கிட்ட லெவல் டியூப் வாங்கிட்டு வாரேன். பாத்ரூம் மட்டம் மூடிக்குக் கீழன்னா, வால்வா தளமா மோட்டாரான்னு முடிவு பண்ணுத வரைக்கும் விண்ணப்பத்த மடிச்சு பீரோவுல வை. மேலன்னா ஆபீசுக்கு நானும் வாரேன், தெருவுல ரோடு போடதுக்கு முன்ன முடிச்சிரலாம். பெறவு வெட்டுனா வெட்டுக் காசு தனி. பஸ் டிக்கெட்டும் டீயும் உன் செலவு.