வால் முளைத்த நட்சத்திரம்

ஜவ்வாது மலையில் நட்சத்திரம் பார்க்க இரண்டு வழி. ஒன்று, காவலூர் வைணு பாப்பு வானாய்வகம், அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைத் துழாவுகிறது. இன்னொன்று, தேர்தல். அப்போது நட்சத்திரப் பேச்சாளரே ஜமுனாமரத்தூருக்கு ஏறி வருவார். பின்னால் நீளும் கார் வரிசையைப் பார்த்தால் வால்நட்சத்திரம் என்பதே சரி.

கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி இறங்கியவருக்கு வேட்பாளர் பெயர் மறந்துவிடும். "நம்ம அன்புத் தம்பி..." என்று இழுப்பார். ஒன்றியச் செயலாளர் காதைக் கடிப்பார். கடிக்காமல் இருப்பதே சிக்கனம்! கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் உள்ள 40 பேரின் பயணச் செலவு கட்சிக் கணக்கு. மேடையில் பெயரை உச்சரித்துவிட்டாலோ கூட்டச் செலவு வேட்பாளர் தலையில். சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பே 40 லட்சம்தான். மறதியும் ஒரு நன்கொடை.

இரவு 10 மணி. மைக் அடங்கியது. பலாச்சுளையை நீட்டிய பாட்டி கேட்டாள்: "மறுபடி எப்ப வருவீங்க சாமி?"

வால்நட்சத்திரத்துக்கென்றால் காவலூர்க்காரர்கள் தேதி சொல்லிவிடுவார்கள். இவர் சுளையை வாங்கிக்கொண்டு கார் கண்ணாடியை ஏற்றினார்.