மலையூர்ச் சரித்திரமும் மைத்துனரின் பொறுமையும்

சரித்திர ஆராய்ச்சி செய்யப் புறப்படுகிறவனுக்குப் பாஷா ஞானம் வேண்டும், சாசனங்களைப் படிக்கும் பயிற்சி வேண்டும், பழைய கடுதாசித் தூசிக்குத் தும்மாத மூக்கு வேண்டும் என்றெல்லாம் பண்டிதர்கள் விதித்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுமே இல்லாமல்கூட ஒருவன் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்; ஆனால் மலையூர்களின் சரித்திரத்தை மோட்டாரில் போய்த் தேடுகிறவனுக்கு இன்றியமையாத சாதனம் ஒன்று உண்டு. அதுதான் உடன் வருகிறவர்களின் பொறுமை. சமவெளிச் சரித்திரம் கோபுரமாகவோ கோட்டையாகவோ நிமிர்ந்து நின்று, வெகு தூரத்திலிருந்தே நம்மைக் கூப்பிட்டுவிடுகிறது. மலையூர்ச் சரித்திரமோ, தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால், இரண்டு சந்து திரும்பி, யாரோ ஒருவருடைய கோழிக்கூட்டைத் தாண்டி, மகா சங்கோசத்துடன் நின்றுகொண்டிருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் பவானியைக் கடந்ததும், உதகமண்டலத்துக்குப் போகிற உலகம் முழுவதும் குன்னூர்ப் பாதையில் திரும்புவதுதான் சம்பிரதாயம். நான் டிரைவரிடம், "கோத்தகிரிப் பக்கம் விடப்பா" என்று சொன்னேன். பின் ஆசனத்தில் இருந்த என் மைத்துனர், காரின் சொந்தக்காரர், மனை வாங்கி விற்பதையே தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டவர், கோபத்தைக் காட்டிலும் பயங்கரமான ஒரு மரியாதையோடு, "ஊட்டிக்குன்னுதானே கிளம்பினோம், அத்தான்?" என்று கேட்டார். "ஊட்டிக்குத்தான் போகிறோம், ஊட்டி எங்கே ஆரம்பித்ததோ அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம்" என்றேன். என் சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. மலைப்பாதையில் அதை முகர்கிற வரையில் அவள் எந்த விவாதத்திலும் கலந்துகொள்வதில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் தர்மம். எங்கள் டிரைவர் இந்தத் தர்மத்தை வேதவாக்காக நம்பியவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நீளமாக ஹாரன் அடித்து, எதிரே வந்த பஸ்ஸை நிற்கவைத்து, அதன் டிரைவருக்கு ஒரு சலாமும் வைத்துவிட்டுத்தான் மேலே போவார். அந்த நிதானத்தைப் பயன்படுத்திக்கொண்டு நான் மைத்துனருக்குச் சரித்திரம் சொல்லத் தொடங்கினேன்.

1603-ஆம் வருஷத்திலேயே கோழிக்கோட்டுப் பக்கமிருந்து பினிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்த மலைக்கு ஏறி வந்தார். பழங்காலக் கிறிஸ்தவர்கள் யாராவது இங்கே மறைந்து வாழ்கிறார்களா என்று தேடி வந்தவர், தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும் கண்டு, பெண்களுக்குக் கண்ணாடியும் நூல்கண்டும் பரிசளித்துவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு ஐரோப்பியர் மலையை இரு நூற்றாண்டுகளுக்கு ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1818-ல் கோயம்புத்தூர்க் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் மேலே ஏறினார்கள். புகையிலைக் கடத்தற்காரன் ஒருவனைத் துரத்திக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. கடத்தற்காரனுடைய கதி என்ன ஆயிற்றோ, அவர்கள் குளிர்ச்சியைக் கண்டுகொண்டு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, 1819-ல், கலெக்டர் ஜான் சல்லிவனே நேரில் வந்துவிட்டார். கோயம்புத்தூர் வெயிலில் உத்தியோகம் பார்த்த எந்த மனிதனும் இதைக் கேட்டபின் சும்மா இருந்திருக்க மாட்டான்.

இவ்வளவையும் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, மைத்துனர் தூங்கிப்போயிருந்தார்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் கோத்தகிரி வந்ததும், அவர் தாமாகவே விழித்துக்கொண்டார். அங்கே ஒரு பேக்கரி இருந்தது. வர்க்கி என்ற அந்தப் பண்டத்தைக் கடித்துத் தின்பதை ஒரு கலை என்றே சொல்ல வேண்டும். மேல் அடுக்கு பல்லில் பட்டவுடன் பொடிந்து சட்டையில் பாதியும் மடியில் பாதியுமாக விழ, எஞ்சிய அடிப்பாகத்தைச் சூடான டீயில் தோய்த்து, அது கரைந்து கிளாஸுக்குள் மூழ்குவதற்குள் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மைத்துனர் இதில் ஈடுபட்டிருந்தபோது, நான் கடைக்காரரிடம் சல்லிவன் துரையின் வீடு எங்கே என்று கேட்டேன். அவர் யோசித்து, "எந்த எஸ்டேட்டுங்க?" என்றார். பெத்தக்கல் பங்களா என்று கேட்டதும் முகம் மலர்ந்து, கன்னேரிமுக்குக்கு வழி சொன்னார்; கூடவே, "அங்க என்ன இருக்குதுங்க?" என்றும் விசாரித்தார். "அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் மைத்துனர்.

கன்னேரிமுக்கு படகர்களின் சிற்றூர். நீலகிரியில் சல்லிவன் முதன்முதலாகக் குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. பல காலம் இடிந்து கிடந்து, பிற்பாடு பழுதுபார்க்கப்பட்டு, இப்போது மலைவாழ் மக்களின் பழைய புகைப்படங்களை வைத்திருக்கும் காட்சிசாலையாக விளங்குகிறது. அந்தப் படங்களின் முன்னே நின்றால்தான், துரை வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்த மலை எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது என்பது புரியும். தோடர்கள் எருமை மேய்த்துப் பாலும் நெய்யும் தந்தார்கள். கோத்தர்கள் இரும்பு அடித்து, மண்பாண்டம் வனைந்து, விழாவுக்கு வாத்தியமும் வாசித்தார்கள். படகர்கள் தானியம் விளைத்தார்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு கலெக்டரோ ஒரு கச்சேரியோ தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

மைத்துனர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகேயுள்ள திம்பட்டிதான் துரைமார்களின் முதல் குடியிருப்பு என்றும், சிறுமுகையிலிருந்து அங்கேதான் முதல் பாதை போட்டார்கள் என்றும் சொன்னேன், அசையவில்லை. பிறகு சல்லிவன் இன்னும் உயரத்தில் உள்ள உதகையை மோகித்து, 1822-ல் அங்கே கல் பங்களா கட்டத் தொடங்கியதும், திம்பட்டி தேடுவாரற்றுப் போயிற்று என்றேன், கொட்டாவி விட்டார். "தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய் விலைக்கு வாங்கினார் என்று சொல்கிறார்கள்" என்றேன்.

மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஊட்டியிலயா? ஏக்கர் ஒரு ரூபாயா? பட்டா இருந்ததா, அத்தான்? வில்லங்கம் பார்த்தாரா?" என்று அடுக்கினார். பட்டா என்ற சங்கதியே தோடர்களுக்குத் தெரியாது என்று சொன்னதும், சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பட்டா தெரியாதவங்ககிட்ட வாங்கறது எந்தக் காலத்திலும் சௌகரியந்தான்" என்றார். குடியேற்ற ஆட்சியைப் பற்றி நான் படித்த பெரிய புத்தகங்கள் நானூறு பக்கத்தில் சொன்னதை, அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்த நிமிஷம் முதல் அவர் சரித்திர மாணாக்கராகிவிட்டார். காதரின் அருவியைப் பார்த்தபோது, கோத்தகிரிக்குக் காபியைக் கொண்டுவந்த காக்பர்ன் துரை தம் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார் என்று நான் சொல்ல, "நம்ம ஊர்ல லாரிக்குத்தான் வைப்பாங்க" என்று வியந்தார். அவருடைய தமக்கை எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அத்தான் இதுவரைக்கும் ஒரு சைக்கிளுக்குக்கூட என் பெயரை வைக்கலை" என்று தன் முதல் ஆராய்ச்சிக் கருத்தை வெளியிட்டாள்.

உதகையில் ஏரிப் பக்கம் போகாமல், 1831-ல் பொதுமக்களுக்குத் திறந்த செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு எங்களை அழைத்துப்போனவர் மைத்துனரே. அதன் மரத் தூண்களும் உத்தரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் பாக் மாளிகையிலிருந்து பிரித்து வந்தவை என்று அறிந்ததும், பழைய மரத்தின் மார்க்கெட் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில், சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கம் ஆனார்கள் என்று சொன்னபோது, அவர் எந்தக் கணக்கும் போடவில்லை.

ஆகையால், வாசகர்களுக்கு நான் பணிவாகச் சொல்லிக்கொள்வது இதுதான். அடுத்த தடவை நீலகிரிக்குப் போகும்போது, மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரிப் பாதையில் திரும்புங்கள். கன்னேரிமுக்கில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஊட்டி எங்கும் ஓடிப்போய்விடாது. புத்தகம் எடுத்துப்போக மறந்தாலும் பாதகமில்லை. நிலம் வாங்கி விற்கிறவர் ஒருவரை மட்டும் காரில் ஏற்றிக்கொள்ளத் தவறாதீர்கள். மலையூர்ச் சரித்திரத்துக்கு அவரைவிடச் சிறந்த உரையாசிரியர் கிடைக்க மாட்டார்.