தனியார் அருவி

குற்றாலத்து மலையில் பெய்யும் மழைக்கு முதலாளி கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ரிசார்ட்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஓடையை மறித்தார்கள், குழாய் பதித்தார்கள், மதில் சுவருக்குள்ளேயே ஓர் அருவியைக் கட்டி அறை வாடகையோடு சேர்த்து விற்றார்கள். 2022 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த இடங்களை மூடச் சொன்னது. நல்ல உத்தரவு. மென்பொருளுக்கும் யாராவது ஒரு வழக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை வருகிறது.

போட்டாலும் நிற்காது. திறந்த மூல மென்பொருளில் ஓடையைத் திருப்பிக்கொள்ள எழுத்துப்பூர்வமான அனுமதியே உண்டு. எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபமும் பார் என்று உரிமத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் அந்தப் பெருந்தன்மைக்காரர்கள். ஆகவே எடுத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மதிலுக்குள் விழும் தண்ணீரைப் பார்த்து, "ஆகா, நம்ம ஊர் முதலாளி உண்டாக்கிய அருவி" என்று மாலை போடுகிறதே அரசாங்கம், அதன்மேல்தான்.

2025 மார்ச்சில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் இந்திய உலாவிப் போட்டியில் ஸோஹோவின் 'உலா' முதல் பரிசு வென்றது. பரிசு ஒரு கோடி ரூபாய். ஸோஹோ யார் என்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தளம்பாறைப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரே சொல்லுவார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊரைவிட்டுப் போகாமல் வேலை கொடுத்த கம்பெனி. அந்தப் புண்ணியத்தை நான் குறைக்கவில்லை. உலா எதன்மேல் நிற்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். அது குரோமியத்தின்மேல் நிற்கிறது. குரோமியம் கூகுள் திறந்து வைத்திருப்பது. அதற்குள் பக்கங்களை வரைந்து காட்டும் பிளிங்க் என்ற எந்திரம் 2013இல் ஆப்பிளின் வெப்கிட்டிலிருந்து கிளைத்தது. வெப்கிட்டுக்கு மூலம் கேஎச்டிஎம்எல். அது கேடிஈ என்ற குழு லினக்ஸ் இயங்குதளத்தின் மேசைத்திரைக்காக எழுதியது. 1996இல் ஜெர்மனியில் ஒரு கல்லூரி மாணவர் தொடங்கி வைத்த குழு அது. ஆக, நாம் சுதேசிப் பட்டம் கட்டிய குழந்தையின் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியில் இருக்கிறார், கூலி வாங்காமல். அவருக்கு ஒரு துண்டு போர்த்தக்கூட நமக்குத் தோன்றவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். 2015இல் இதே மத்திய அரசு ஒரு கொள்கை வெளியிட்டது: அரசுக்கு மென்பொருள் வாங்கும்போது திறந்த மூலத்துக்கே முன்னுரிமை, வேண்டாம் என்றால் காரணம் எழுதி வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை விடுகிறது: இனிமேல் ஸோஹோ ஆபீஸைப் பயன்படுத்துங்கள். காரணம் சுதேசி. காசு கேட்காத, மூல நிரலைப் பூட்டி வைக்காத லிப்ரெஆபீஸ் என்று ஒன்று இருப்பது அமைச்சகத்துக்குத் தெரியாதா? தெரியும். அதற்கு மேடையேற ஒரு முதலாளி இல்லை, அவ்வளவுதான் அதன் குறை.

அந்த வருஷம் ஜூலையில்தான் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையை ஒட்டி, மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்துக்கு ஓடிய பிறகே சேவை திரும்பி வந்தது. நிரல் பிறர் கையில் இருந்தால் நம் குடுமியும் அவர் கையில் என்று ஊரே பார்த்தது. அரசு கற்ற பாடம் வேறு: குடுமியைப் பிடிக்கிற கை இந்தியக் கையாக இருந்தால் போதும்!

தென்காசியிலிருந்து மேற்கே போங்கள். செங்கோட்டை, புளியரை, சோதனைச் சாவடி, மலை ஏறினால் ஆரியங்காவு. அந்தப் பக்கம் கேரளம்; அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான். பாடத்துக்குத் தேவையானதையெல்லாம் சேர்த்துத் தாங்களே ஒரு தொகுப்பு செய்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து நடத்துகிறார்கள். 2019இல் 2 லட்சம் கணினிகளுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னது கேரளக் கல்வித்துறையின் கைட் நிறுவனம். அரசாங்கக் கணக்கு, கொஞ்சம் உப்பிப் போயிருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் மீதி 1,500 கோடி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. மொழியால் இங்கே வந்து சேர்ந்தோம், அதில் பெருமைதான். பள்ளிக்கூடத்துக் கணினியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

நம் பக்கம் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்த அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அவருக்கு மாறுதல் வந்தது. அந்த வேகத்துக்கும் மாறுதல் வந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது, தமிழ் பேசுவது, சுதேசி என்று சொல்லத் தகுதியுள்ளது. அதற்கு என்ன நடந்தது? கணினிக் கடையில் பையனோடு வந்து நிற்பார் அப்பா. "அண்ணாச்சி, இதுல பாஸ்னு என்னமோ கெடக்கு. அதை அழிச்சுட்டு நல்ல ஓ.எஸ். போட்டுக் குடுங்க." அண்ணாச்சி திருட்டு விண்டோஸும், அதன்மேல் திருட்டு போட்டோஷாப்பும் ஏற்றிக் கொடுப்பார். திருடியதற்கு இருக்கும் மதிப்பு, தானமாக வந்ததற்கு இல்லை. அப்பாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்த மடிக்கணினியில் பாஸை எப்படித் திறப்பது என்று ஒரு பீரியட் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை யாராவது காட்டுங்கள்.

2001இல் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். இன்று அதே கம்பெனியின் அஷூர் மேகக் கணிமையில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. வியாபாரிக்கு விவரம் தெரிந்துவிட்டது. விவரம் தெரியாதவர்கள் டெண்டர் எழுதுகிறவர்கள் மட்டும்தான். அருவியில் எல்லாரும் குளித்துவிட்டுப் போகிறார்கள், மேலே காட்டை யார் பார்ப்பது? 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெடித்தபோதுதான் தெரிந்தது: உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த, இணையப் பரிமாற்றத்தைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு அதுவரை வந்த நன்கொடை வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர். நம்மூரில் ஒரு கல்யாணத்துப் பந்தல் செலவுக்குக் காணாது.

இப்போது அடுத்த திருவிழா வருகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பழைய சிப்புகளில் ஏறாது. தாலுகா அலுவலகத்தில், பள்ளியில், கூட்டுறவுச் சங்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளையெல்லாம் கழித்துக்கட்டி ஏலம் விடுவார்கள். லினக்ஸ் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் உழைக்கும் என்று யாராவது ஒரு இளநிலை உதவியாளர் குறிப்பு எழுதினால், கோப்பு அவருக்கே திரும்பி வரும். புதுக் கணினிக்கு டெண்டர் போகும். அதில் எத்தனை கணினி, என்ன விலை என்ற இடங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். எந்த ஓ.எஸ். என்ற இடம் மட்டும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும், அரசு அலுவலகங்களுக்குப் பழகிப்போன வானவில் எழுத்துருவில்.