ஒரே நாளில் சென்னை!

கேள்வி: குடும்பத்தோடு ஒருநாள் சென்னை வருகிறோம். தி.நகரில் துணி எடுத்துவிட்டு ஊரையும் சுற்றிப் பார்க்க முடியுமா?
- ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: முடியும், வரிசையை மாற்றினால்! முதலில் துணிக்கடைக்குள் நுழைந்தால், அன்று நீங்கள் பார்க்கும் ஒரே சுற்றுலாத் தலம் அதுதான். விடியற்காலையில் மெரினா. அடுத்து, 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை ஆற அமரப் பார்க்கலாம். 'எடுக்கப் போறீங்களா, இல்லையா?' என்று எவரும் முறைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். பிறகு எழும்பூரில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் தி.நகரின் ரங்கநாதன் தெரு. அங்கே நீங்கள் நடக்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கடற்கரையை மட்டும் மாலைக்குத் தள்ளாதீர்கள். அத்தனை பைகளோடும் மணலில் நடக்கப் போகிறவர் உங்கள் கணவர்!